பஸ் காசும் கடன்தானே!

நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட நிய்யத்துச் செய்திருக்கிறார். தாபுங் ஹாஜியிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. யாத்திரைக்கு முன் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து, மனத்தாங்கல் உள்ளவர்களிடம் பொறுத்துக்கொள்ளக் கேட்டுப் புறப்படுவது நம் முன்னோர் காட்டிய வழி. அவரும் பேரேட்டை விரித்து வைத்து உட்கார்ந்தார். சிரம்பான் மொத்தக் கடைக்காரருக்குத் தரவேண்டிய பாக்கியைக் கட்டினார். தோட்டத்து லயங்களில் தமக்கு வரவேண்டிய பழைய பற்றுகளில், கொடுக்க வழியில்லாதவர்களின் பெயர்களை அடித்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கணக்கு அவரை உறங்கவிடவில்லை. அது எந்தப் பேரேட்டிலும் ஏறாத கணக்கு.

1968 முதல் 1974 வரை குவாலா பிலா வட்டாரத்துத் தோட்டங்களில் துணி மூட்டை சுமந்து வியாபாரம் செய்தவர் அவர். வாரம் ஒரு நடை. பஸ் கட்டணம் 40 காசு. மூட்டைக்குத் தனிக் காசு. கண்டக்டரோ பழகிய மனிதர். 20 காசைக் கையில் வைத்தால் டிக்கெட் கிழிக்கமாட்டார்; மூட்டையையும் பார்க்கமாட்டார். போகும்போதும் அப்படி, திரும்பும்போதும் அப்படி.

"நானா, அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே?" என்றோம்.

"எல்லாரும் செய்தார்கள் தம்பி. கேள்வி கணக்கு நாளிலே எல்லாருக்கும் சேர்த்தா பதில் கேட்பான்? என்னைத் தனியாகத்தானே நிறுத்துவான்" என்றார்.

அந்தப் பஸ் கம்பெனி இப்போது இல்லை. முதலாளி யார், வாரிசு யார் என்று சொல்ல ஆளில்லை. அவர் கேட்ட கேள்வி இதுதான்: கடன் இருக்கிறது, கடன்காரன் இல்லை, நான் என்ன செய்ய? அவருக்குப் பதில் தேடப் போன நாம், நம்மையும் கொஞ்சம் எண்ணிப்பார்க்க வேண்டியதாயிற்று.

நாம் வியாபாரிகள். தராசு தட்டில் விரலை வைப்பவனை நம் கூட்டத்தில் எவரும் மதிப்பதில்லை. முழக்கோலில் அரை விரற்கடை குறைத்தால் அது ஹராம் என்று கடைப் பையனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதே நாம் பஸ்ஸிலும் இரயிலிலும் ஏறியவுடன் வேறு மனிதராகிவிடுகிறோம். நீலாய் வரை டிக்கெட் எடுத்துவிட்டுச் சிரம்பான் வரை போகிறோம். எட்டு வயதுப் பையனை ஐந்து வயது என்கிறோம். அவன் நம் முகத்தைப் பார்க்கிறான். வாப்பாவின் மூத்தோர் சலுகை அட்டையை மகன் எடுத்துச் செல்கிறான். இவற்றைச் செய்கிறவர்கள் திருடர்கள் அல்லர். தொழுகிறவர்கள், ஜகாத் கொடுக்கிறவர்கள். ஆகவேதான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

திருமறையின் 83-ஆம் அத்தியாயத்துக்கே அளவில் மோசம் செய்வோரின் பெயர். அதன் தொடக்கத்தில் அல்லாஹ் கண்டிப்பது, தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவனை. கடைக்காரனுக்குச் சொன்னது என்றுதான் நாம் ஓதி வருகிறோம். பயணியை எண்ணிப் பாருங்கள். பஸ் பத்து நிமிஷம் பிந்தினால் கோபம் வருகிறது. நிறுத்தத்துக்கு முன்னால் இறக்கிவிட்டால் சண்டைக்குப் போகிறோம். கொடுத்த காசுக்குரிய தூரம் ஒரு முழம் குறையாமல் வேண்டும் என்கிறோம். கொடுக்கும் காசில் மட்டும் குறைக்கிறோம். அந்த அத்தியாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆளைத் தேடவேண்டியதில்லை.

இதற்குச் சொல்லும் சமாதானங்களில் பெரியது, "வண்டி காலியாகத்தானே போனது, நான் உட்கார்ந்ததால் யாருக்கு நட்டம்?" என்பது. நம் கடையில் ஒரு துண்டுத் துணி இரண்டு வருஷமாக விற்காமல் கிடக்கிறது. வாடிக்கைக்காரர் ஒருவர், "இது எப்படியும் விற்கப்போவதில்லை" என்று சொல்லிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தால் விட்டுவிடுவோமா? காலி இடத்துக்கும் சொந்தக்காரன் உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்று சொல்லவேண்டியவன் அவன். மேலும், டிக்கெட் புத்தகத்தில் ஏறாத ஆள், கம்பெனியைப் பொறுத்தமட்டில் பஸ்ஸிலும் ஏறாத ஆள். தோட்டத்து வழியில் இத்தனை பேர்தான் போகிறார்கள் என்று கணக்குக் காட்டினால், நாளைக்கு நடையைக் குறைப்பார்கள். அப்போது முச்சந்தியில் வெயிலில் காத்துக் கிடப்பது நாமல்ல; மோட்டார் இல்லாத தோட்டத்துக் கிழவியும் பள்ளிப் பிள்ளையும்தான்.

இன்னொரு சமாதானம், "அது பெரிய கம்பெனி, அல்லது அரசாங்கத்துச் சொத்து, நம் 40 காசில் என்ன குடிமுழுகிப் போகும்?" என்பது. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் விட்டது ஒரு தனியார் கம்பெனி. இன்றைய கேடிஎம் அரசாங்கத்துக்குச் சொந்தமானது. சிரம்பானில் ஓடும் சில பஸ்களுக்கும் அரசாங்க மானியம் உண்டு. தனியார் சொத்தென்றால் ஒருவனிடமோ சிலரிடமோ போய்ப் பொறுத்துக்கொள்ளக் கேட்கலாம். பொதுச் சொத்தென்றால் யாரிடம் போவது? இந்நாட்டில் வரி கொடுக்கும் ஒவ்வொருவர் வாசலிலுமா நிற்பது? "பொதுச் சொத்துத்தானே" என்று இலேசாகச் சொல்கிறோம். உண்மையில் அதுதான் தீர்க்கக் கடினமான கடன்.

கைபர் போர் நடந்தது ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில். அதிலிருந்து திரும்பும் வழியில் நாயகம் (ஸல்) அவர்களின் பணியாள் மித்அம் என்பவர், அவர்களுடைய ஒட்டகச் சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். அவருக்குச் சுவர்க்கம் கிடைத்தது என்று தோழர்கள் மகிழ்ந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ அதை மறுத்தார்கள். பங்கிடுமுன் பொதுப் பொருளிலிருந்து அவர் எடுத்த ஒரு போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்றார்கள். அதைக் கேட்ட ஒருவர் ஓடிப்போய், தாம் எடுத்து வைத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் நெருப்பு வார்தான் என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. செருப்பு வாரின் விலை என்ன இருக்கும்? ஒரு பஸ் டிக்கெட்டின் விலைதான் இருக்கும்.

இலவசப் பயணமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். லக்சம்பர்க் என்ற சிறு தேசத்தில் 2020 முதல் பஸ்ஸும் இரயிலும் எல்லாருக்கும் இலவசம். சொந்தக்காரன் மனமொப்பி விட்டுக்கொடுத்தது அது. முழு ஹலால். இப்படித் திறந்து கொடுப்பதும், கண்டக்டர் கண்ணைச் சிமிட்டிக் கொடுப்பதும் ஒன்றாகா. கண்டக்டர் தம்முடையதல்லாத ஒன்றைக் கொடுத்தார்.

எப்படியும் பயணத்தின் விலையை யாராவது ஒருவர் கொடுத்தே தீரவேண்டும். பால்மரம் வெட்ட வந்த தொழிலாளிகளின் கப்பல் செலவையும் இரயில் செலவையும் 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கொடுத்தது. அந்த நிதிக்குப் பணம் கட்டியவர்கள் தோட்ட முதலாளிகள். வியாபாரத்துக்கு வந்த நம் பாட்டனார்களுக்கு எந்த நிதியும் இல்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலின் மேல்தட்டுக்குச் சொந்தக் காசில் சீட்டு வாங்கி, பாயை விரித்து வந்தார்கள். அதற்காகப் பெண்டாட்டி வளையலை அடகு வைத்தவர்கள் உண்டு. அந்த வம்சம் 40 காசில் தடுக்கி விழுவது நமக்கு வெட்கமாயிருக்கிறது.

ஏழையின் காரியம் வேறு. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் காசில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடும் தாயை எவரும் குற்றவாளியாக்கமாட்டார். நிர்ப்பந்தம் பாவத்தை நீக்கும். ஆனால் பிறர் உரிமையை அது அழிக்காது என்பது ஃபிக்ஹு விதி. கடன் நிற்கும். அப்படியானால் அந்தக் கடனைத் தீர்க்கவேண்டியவர் யார்? அதே பஸ்ஸில் சட்டைப் பை நிறைய வசூலோடு உட்கார்ந்திருக்கும் நாம்தான். அந்தத் தாய்க்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுத்துவிட்டால் நாம் ஒன்றும் குறைந்துபோக மாட்டோம்.

மறதியும் வேறு. அட்டையில் பணம் தீர்ந்தது தெரியாமல் ஏறியவனும், ஏமாற்றவென்றே ஏறியவனும் சமமல்லர். உலகச் சட்டமும் இதை அறியும். இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டம் மோச எண்ணத்தோடு டிக்கெட்டின்றிப் போவதை 137-ஆம் பிரிவிலும், வெறுமனே டிக்கெட்டில்லாமல் போவதை 138-ஆம் பிரிவிலும் பிரித்து வைத்திருக்கிறது. முன்னதற்கு ஆறு மாதம் வரை சிறை. பின்னதற்குக் கட்டணமும் மேல்கட்டணமும். எண்ணத்தைக் கொண்டே செயல் என்று படித்த நமக்கு இது புதிதல்ல.

இனி அன்பரின் கணக்குக்கு வருவோம். ஆறு ஆண்டு, ஆண்டுக்கு 50 வாரம், வாரத்துக்கு இரண்டு பயணம்: 600 பயணம். ஒவ்வொன்றிலும் 20 காசு மிச்சம் பிடித்ததாக வைத்து 120 வெள்ளி என்று அவர் எழுதியிருந்தார். ஆலிம்சாவிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "கண்டக்டருக்குக் கொடுத்த 20 காசு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டார். சேரவில்லையே! அப்படியானால் கம்பெனிக்கு நட்டம் 40 காசு. கடன் 240 வெள்ளி. மூட்டைக் கட்டணத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு 300 வெள்ளியாக முடித்தார்கள். அன்றைய வெள்ளியும் இன்றைய வெள்ளியும் ஒன்றா என்று நாம் கேட்டோம். எடுத்த தொகையைத் தருவது கடமை, பேணுதலுக்காகக் கூட்டித் தந்தால் நன்மை என்றார் ஆலிம்சா. அன்பர் ஆயிரம் வெள்ளியாக எடுத்து வைத்தார்.

யாரிடம் கொடுப்பது? சொந்தக்காரன் இருந்தால் அவனிடம், இறந்திருந்தால் வாரிசிடம். நம்மில் ஷாபிஈயும் உண்டு, ஹனபியும் உண்டு. இதில் இரு மத்ஹபுக்கும் பேதமில்லை. கேடிஎம் போல இன்றும் நடக்கிற நிறுவனமானால் வழி சுலபம். பாக்கித் தொகைக்கு டிக்கெட் வாங்கி, வண்டி ஏறாமல் கிழித்துப் போட்டுவிடலாம்; பணம் உரிய பெட்டிக்குப் போய்விடும். சொந்தக்காரனைக் கண்டுபிடிக்கவே முடியாதபோது அப்பணத்தைப் பாலம், பள்ளிவாசல், மக்கா செல்லும் வழியின் நன்மைகள் போன்ற பொதுக் காரியத்தில் செலவிடவேண்டுமென்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்தை எடுத்துக்காட்டி, இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மஜ்மூஉ என்னும் கிதாபில் எழுதியிருக்கிறார்கள். அன்பர் ஓட்டை விழுந்து கிடந்த ஒரு தோட்டத்து முச்சந்திப் பஸ் நிறுத்தத்துக்குப் புதுக் கூரையும் ஒரு பெஞ்சும் போட்டுக் கொடுத்தார். பெஞ்சில் பெயர் எழுதலாமா என்று ஆசாரி கேட்டதற்கு, "என் பணமில்லையே அது" என்று சொல்லிவிட்டார்.

பணக் கணக்கு இப்படித் தீர்ந்தது. தீராதது ஒன்று இருக்கிறது. அந்தக் கண்டக்டர் மௌத்தாகிப் பல வருஷமாயிற்று. வாரந்தோறும் 20 காசை அவர் கையில் திணித்து, அவரையும் தவறில் பழக்கியது நாம்தானே என்று அன்பர் கலங்குகிறார். அவருடைய மகன் பகாவில் கடை வைத்திருக்கிறார். போய்ச் சொல்லிப் பொறுத்துக்கொள்ளக் கேட்டால், தகப்பனைப் பற்றி நல்லெண்ணத்தோடு இருக்கும் பிள்ளையிடம், இறந்தவரின் மறைந்துபோன குறையைத் திறந்து காட்டியதாகும். சொல்லாமல் போனால் மனம் ஒப்பவில்லை. ஆலிம்சா, "துஆச் செய்யுங்கள், வாய் திறக்கவேண்டாம்" என்றார். அன்பர் சரியென்று தலையாட்டினார். ஆனாலும் சென்ற வாரம் பகாவுக்குப் போய், அந்தக் கடையில் தமக்குத் தேவையில்லாத சாமான்கள் இரண்டு மூன்று வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் திரும்பியிருக்கிறார்.