யாருடைய நேரம்?

பாரிசில் ரெஸ்ரோறன்ற் வேலை செய்பவர்களுக்கு விசித்திரமான ஓர் ஓய்வு உண்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குக் குசினியை விட்டு வெளியே வந்தால், ஆறு மணிக்குத் திரும்பவும் உள்ளே நிற்கவேண்டும். அறைக்குப் போய்வர நேரம் காணாது. குளிருக்கு ஒதுங்கவென்று நகரசபை நூலகத்துக்குள் நுழைந்தவன் நான். அங்கேதான் செனகா எழுதிய, வாழ்வின் குறுமை பற்றிய சிறு நூலை அரைகுறைப் பிரெஞ்சில் அகராதியோடு வாசித்தேன். 2010இல் யாழ் பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்தவனுக்கு, அது பழைய கடன் ஒன்றை அடைப்பது போலவும் இருந்தது.

ஏறத்தாழ இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்திய அந்த நூல், ரோமாபுரியின் தானிய விநியோகத்துக்குப் பொறுப்பாக இருந்த பவுலினஸ் என்பவரை நோக்கிப் பேசுகிறது. வாழ்வு குறுகியதல்ல, நாங்கள்தான் அதை வீணடிக்கிறோம் என்பது செனகாவின் வாதம். காசைக் கட்டிக் காக்கிற மனிதர், நேரத்தை மட்டும் கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறார்களாம். ஆகவே களஞ்சியக் கணக்கை விட்டு உன்னிடம் திரும்பி வா என்று பவுலினசை அழைக்கிறார்.

நல்லது. ஆனால் கோப்பை கழுவுகிறவனுக்கு எழும் கேள்வி வேறு. அந்தத் தானிய மூட்டைகளைச் சுமந்தவனுக்குச் செனகா என்ன சொல்லியிருப்பார்? அவர் பெரும் செல்வந்தர். நேரத்தை மீட்பதென்றால் முதலில் அது எங்களுடையதாக இருக்கவேண்டும். என்னுடைய நேரமோ ஏஜென்சிக்குக் கட்டிய காசோடு சேர்ந்தே அடகு போனது.

பிரான்சில் வாரத்துக்கு 35 மணித்தியால வேலை என்ற சட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நானோ ரெஸ்ரோறன்ற் பூட்டும் திங்கட்கிழமையிலும் இன்னோரிடத்தில் துப்புரவு வேலை செய்தேன். கடன் முடிந்த பிறகும் விடவில்லை. சீட்டு, தம்பியின் படிப்பு, ஊரில் மதில். ஒன்று முடிய ஒன்று வந்தது. இல்லை, நான்தான் ஒன்று முடிய ஒன்றைத் தேடினேன் என்பதே சரி. ஓய்ந்திருக்கப் பயமாயிருந்தது.

ஒருநாள் தாளை எடுத்து, வெட்டக்கூடியவற்றை எழுதினேன். முதலில் அகப்பட்டவை பிறந்தநாளும் சாமத்தியவீடும். இரண்டு அழைப்புகளை மறுத்தேன். “பெரிய ஆளாயிட்டாய் போல” என்றார் ஓர் அண்ணர். அந்தச் சொல் சுட்டது. விசா இல்லாத முதல் மாரியில் என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டது அவருடைய வீடுதான். எது வீண், எது உறவு என்று தாளில் கோடு கிழிக்க முடியாது என்று அப்போதுதான் விளங்கியது.

எழுதாமல் விட்டது ஒன்றிருந்தது. அம்மாவுடன் கதைப்பது. இரவு வேலை முடிந்து, மெற்றோவுக்கு நடக்கும் பத்து நிமிடத்தில்தான் அவவுக்கு எடுப்பேன். இங்கே பன்னிரண்டு என்றால், மாரியில் அங்கே விடிய நாலரை. “நான் எழும்புற நேரம்தானே மேனை” என்பா. கடந்த வருடம் தங்கச்சி சொல்லித்தான் தெரியும்: அம்மா நாலேகாலுக்கு அலாரம் வைத்து எழும்பி, ரெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாவாம். நான் எடுக்காத நாட்களிலும்.

எனக்கு நேரமில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வருடங்கள் முழுவதும், அந்த இல்லாமையை ஒரு கிழவி தன் நித்திரையால் கட்டிக்கொண்டிருந்திருக்கிறா. செனகா சொல்லாமல் விட்டது இதுதான் என்று நினைக்கிறேன். நாங்கள் வீணடிப்பது எங்கள் நேரத்தை மட்டுமல்ல.

திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டேன். தம்பிக்கு அனுப்பும் காசு குறைந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பின்னேரங்களில் ஒரு கடையில் நிற்கிறானாம். எனக்குக் கிடைத்த பகலின் விலையில் ஒரு பங்கை இப்போது அவன் கொடுக்கிறான். இது நியாயமா என்று எனக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.

முதல் திங்கட்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு எடுத்தேன். பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிட்டது. அவ்வளவுக்குத்தான் பழகியிருந்தோம். “வேலைக்கு நேரமாகேல்லையே?” என்று கேட்டா. இல்லை என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். பிறகு, கிணற்றடி மாமரம் இந்த முறை பூக்கவில்லை என்று மெல்லத் தொடங்கினா.