கூடத்தில் ஒரு செப்பு வளையம்

14 மெகாஹெர்ட்ஸில் அரையலை ஆன்டெனா கட்ட வேண்டுமானால் பத்து மீட்டருக்குச் சற்றே கூடுதலாகக் கம்பி வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர். எங்கள் கூடத்தின் நீளம் நாலரை மீட்டர். மொட்டை மாடி பொதுச்சொத்து. அங்கே டிஷ் இருக்கலாம், தண்ணீர்த் தொட்டி இருக்கலாம், ஹாம் ரேடியோவுக்குக் கம்பி மட்டும் கூடாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானம். மின்னல், ஓட்டை, ஒழுகல் என்று அவர்களுக்கும் காரணங்கள் உண்டு. சங்கத்தோடு மல்லுக்கட்டுவதில்லை என்று முடிவான பிறகுதான் வளையம் வீட்டுக்குள் வந்தது.

*

ஏ.சி. மாட்டுகிறவர்கள் பயன்படுத்தும் செப்புக் குழாய், ஒரு மீட்டர் விட்டத்துக்கு வளைத்தது. உச்சியில் இரு முனைகளும் சேராமல் நிற்கிற இடத்தில், பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சர், அதாவது ட்யூன் செய்யும் மின்தேக்கி. கீழே உள்பக்கமாக, ஐந்தில் ஒரு பங்கு அளவில் இன்னொரு குட்டி வளையம். ரேடியோவிலிருந்து வரும் கேபிள் அந்தக் குட்டியோடு முடிந்துவிடுகிறது. குட்டி பெரியதைத் தொடுவதே இல்லை. இடையில் இருப்பது காந்தப்புலம் மட்டும்.

எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், புதுசா துணி காயப்போடுற ஸ்டாண்டா?" என்றார். பாதி சரி. மழைக்காலத்தில் அதில் துண்டு தொங்கியதும் உண்டு.

*

இந்த அளவு வளையத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸில் கதிர்வீச்சுத் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. உருப்படியாக அலையாக மாறுவது அந்தச் சொற்பத்தின் வழியேதான். மற்ற தடைகளெல்லாம் வெறும் சூடு. சுமாராக வைத்த ஒரு பற்றாசு போதும், பாதியைத் தின்றுவிட. கண்டென்சரின் சுழலும் தகடுகளுக்கு உரசியபடி இணைப்புக் கொடுக்கும் அந்தச் சின்னப் பித்தளை நாக்குகூட இங்கே ஆடம்பரம். அதை விட்டுவிட்டு இரண்டு நிலைத் தகடு அடுக்குகளையும் குழாயின் இரு முனைகளில் பற்றவைத்தால் மின்சாரம் உரசலைத் தவிர்த்து ஓடுகிறது; தகடு இடைவெளியும் இரட்டிப்பாகிறது. அது தேவையும்கூட. வெறும் 5 வாட் கொடுத்தாலே தகடுகளுக்கிடையில் பல நூறு வோல்ட் ஏறும். தொட்டால் சுடும். அனுப்பும்போது தள்ளி உட்கார வேண்டும், குழந்தைகளை அண்டவிடக் கூடாது.

*

ட்யூன் செய்வது காதால். குமிழ் திரும்பும்போது ஹெட்ஃபோனில் ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லை, பிறகு திடீரென இரைச்சல் பொங்கி எழுந்து அடங்கிவிடும். அந்த உச்சி மயிரிழை அகலம். பிடித்துவிட்டோம் என்று கையை எடுத்தால் உச்சி நகர்ந்துவிடுகிறது, ஏனென்றால் கையும் சுற்றில் ஓர் உறுப்பாக இருந்திருக்கிறது. குமிழோடு ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் குச்சியை ஒட்டிய பிறகே நிற்கிறது. ஆனாலும் யாராவது பக்கத்தில் நடந்துபோனால் சற்று அசையும். வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும்.

*

மாடிவீட்டுச் சுவர்களின் இரும்புக் கம்பிகளை நொந்துகொள்ளும்போதெல்லாம் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் நினைவுக்கு வருகிறார். அவர் கட்டிய, உலகின் முதல் ரேடியோ ஆன்டெனாவும் கட்டடத்துக்குள் இருந்ததுதானே. கார்ல்ஸ்ரூவேயில் அவர் பாடம் நடத்திய கூடம் 15 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். ஆனால் இரண்டு பக்கமும் இரும்புத் தூண் வரிசை. ஒவ்வொரு வரிசையும் அலைக்கு ஒரு முழுச் சுவர் போலவே நடந்துகொண்டதால் நடுவில் எட்டரை மீட்டர்தான் பயன்பட்டது என்று 1888இல் எழுதுகிறார். தொங்கிய எரிவாயுக் குழாய்களையும் சரவிளக்குகளையும் கழற்ற வைத்திருக்கிறார். அவருக்கு அனுமதி கொடுத்தவர்கள் பொறுமைசாலிகள்.

*

வெளியே அனுப்புவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. இதை நம்ப எனக்கு நாளாயிற்று. டபிள்யூ.எஸ்.பி.ஆர். என்றொரு முறை இருக்கிறது. இரட்டைப் பல்சார் கண்டுபிடிப்புக்காக 1993இல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்டது. கால் வாட்டுக்கும் குறைவான சக்தியில்கூட, நிலையத்தின் அழைப்புக்குறியான கால் சைனையும் இருப்பிடத்தையும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் இழுத்து இழுத்து அனுப்பும். எங்கே கேட்டதென்பது இணையத்தில் தானாகப் பதிவாகும். வளைகுடாவில் கேட்டிருக்கிறது, ஆஸ்திரேலியாவில் கேட்டிருக்கிறது. அங்கிருந்து என்னைவிடப் பத்து மடங்கு சக்தியில் வந்தது எனக்குக் கேட்கவில்லை.

காரணம் எங்கள் கட்டடம். எல்.இ.டி. பல்புகள் கரகரக்கின்றன. ஃபேன் ரெகுலேட்டர் ரம்பம் போடுகிறது. போன் சார்ஜர்களின் முனகல் குறிப்பிட்ட இடைவெளி விட்டு அலைவரிசை நெடுகத் திரும்பத் திரும்ப வரும். லிஃப்ட் ஏறுவதைக் கதவு திறக்காமலே சொல்லிவிடலாம். நம் வீட்டு அடாப்டர் வயர்களில் ஃபெரைட் வளையம் மாட்டலாம். மூன்று வீடு தள்ளி இருப்பதை என்ன செய்வது?

வளையத்தைத் திருப்பலாம். இதில் ஒரு விநோதம்: விளிம்பு பார்க்கும் திசை நன்றாகக் கேட்கும், முகம் பார்க்கும் திசை கேட்காது. சத்தம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தால் அது அமுங்குகிறது. முழுக்க இல்லை, சுவருக்குள் ஓடும் வயர் நான்கு புறமும் இருக்கிறதே. தொலைதூர அலையோ அயனமண்டலத்தில் பட்டுச் சாய்வாக மேலிருந்து இறங்குவதால் அதற்கு அவ்வளவு நஷ்டம் வருவதில்லை.

*

கரண்ட் போகும்போது தெரிகிறது. ரேடியோ பாட்டரியில் ஓடுகிறது, மற்றதெல்லாம் நிற்கிறது. காதில் இருந்த சுவர் சட்டென்று இல்லை. அதே இடத்தில், அதே குமிழில், யாரோ ஒருவர் மோர்ஸில் சாவகாசமாகத் தட்டிக்கொண்டிருப்பது கேட்கிறது. சற்று மேலே இன்னொருவர். இவர்கள் இவ்வளவு நேரமும் இந்தக் கூடத்துக்குள் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கால் சைனில் இரண்டு எழுத்து பிடிபடுவதற்குள் கீழே ஜெனரேட்டர் எடுக்கிறது.

மின்வெட்டை விரும்புகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாது.

*

28 மெகாஹெர்ட்ஸில் அரையலைக்கு ஐந்து மீட்டர் கம்பி போதும். கூடம் அரை மீட்டர் குறைகிறது, அவ்வளவுதான். மின்னோட்டம் நடுவில்தான் அதிகம், முனைகளில் அநேகமாக இல்லை. ஆகவே இரு முனைகளையும் ஒரு சாண் கீழே மடக்கிவிட்டால் பெரிய இழப்பில்லை. சூரியன் உச்சத்தை எட்டிவிட்டதாக 2024இல் அறிவித்தார்கள். சூரியப் புள்ளிகள் குறையக் குறைய இந்த அலைவரிசை பகலிலும் ஊமையாகிவிடும், மறுபடி திறக்கப் பல வருஷம். கட்டுவதென்றால் இப்போதே கட்ட வேண்டும். ஜன்னல் பக்கம், திரைச்சீலைக்கு மேலே ஓட்டலாம். திரைச்சீலை தொங்கும் ராடு அலுமினியம். அதை முதலில் மரமாக மாற்ற வேண்டும். கேட்டிருக்கிறேன், பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது.