ஊணும் அரசும்

ஒருவன் உண்பதில் அரசினர் தலையிடுதல் தகாதென்பார் சிலர். உடற்பருமனும் நீரிழிவும் அவனவன் நாவடக்கமின்மையால் வருவன என்பது அவர் துணிபு. அது முழுதும் பொய்யன்று. ஆயினும், தெரிந்து கொள்வானையன்றோ பழி சாரும்?

இலங்கை அரசினர் 2016 ஆம் ஆண்டிலே இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக்குறி இடுவித்தனர். 100 மில்லிலீற்றரிற் சீனி 11 கிராமுக்கு மேற்படிற் சிவப்பு; 2 கிராமுக்குக் குறையிற் பச்சை; இடைப்பட்டது செம்மஞ்சள். சிவப்புக்குறி பெற்ற 400 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றில் 44 கிராமுக்கு மேற்பட்ட சீனி உளதென்க. 2017 நவம்பரிலே சீனி கிராமொன்றுக்கு 50 சதம் வரியும் விதித்தனர். 2018 டிசெம்பரிலே அதனைக் குறைத்தனர்.

குறியைக் கண்டும் சிவப்பையே எடுக்கும் பெரியோன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி. அவன் கையைப் பிடித்தல் வேண்டா. ஏழு வயதுச் சிறுவனுக்கு அக்குறி யாது செய்யும்? அவன் கண்ணுக்குச் சிவப்பும் ஓர் அழகே! அவன்பொருட்டு விலையை உயர்த்துதலும், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் அப்பானத்தை விலக்குதலும் அரசினர்க்கு நீங்காக் கடன். வரியைக் குறைத்தமை அக்கடனிற் குறைத்தமையேயாம்.

இனி, எம்மவரையும் வினாவுவேம். விருந்தினர்க்குச் சோடா உடைத்து, எஞ்சியதைப் பிள்ளை கையிற் கொடுப்பவர் யாவர்? மோரோ இளநீரோ கொடுப்பின் வறியரென்று எண்ணுவரோ என நாணி, யாமும் அவ்வாறு செய்ததுண்டு.