வந்தவர் கடமை: அயல்நிலத் தொண்டு குறித்த ஓர் அறநோக்கு

பிறந்த மண்ணை விட்டு, உறவோ கடப்பாடோ இல்லாத மக்களிடையே சென்று ஒருவர் தொண்டு புரிவது உயர்ந்த செயல் என்பதிற் பொதுவாக எவரும் ஐயங்கொள்வதில்லை. இளமைப் பருவத்தில் அவ்வாறு செல்பவரின் துணிவும், வசதிகளைத் துறக்கும் மனப்பாங்கும் பாராட்டுக்குரியன என்றே உலகம் கருதுகின்றது. எனினும் இச்செயல் எழுப்பும் அறவியல் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. தொண்டு செய்ய வந்தவர் எந்நேரமும் திரும்பிச் செல்லக்கூடியவர். தொண்டைப் பெறுபவரோ அவ்விடத்திலேயே வாழ்ந்து அங்கேயே மடிய வேண்டியவர். ஒருவருக்குப் பயணமாக அமையும் காலம் மற்றவருக்கு வாழ்க்கையாக இருக்கின்றது. இவ்வேறுபாட்டின் நடுவே எழும் உறவு எத்தகையது? வந்தவருக்குரிய கடமை யாது?

இவ்வினாவை ஆராய்வதற்கு மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசம் மிகப் பொருத்தமான களமாகும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலும், வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரியும் படுவான்கரையிலும், வாவி நடுவே அமைந்த புளியந்தீவிலும் இரண்டு நூற்றாண்டுகளாக அயல்நாட்டு இளைஞர் வந்து தங்கியும் பணி செய்தும் சென்றுள்ளனர். சிலர் செல்லாது அங்கேயே மண்ணாயினர்.

இப்பிரதேசத்தைப் பற்றிப் பிறர் கூறும் பழைய வழக்கொன்று உண்டு. மட்டக்களப்புக்குச் சென்றவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்பதே அது. மந்திரத்தின் வலிமை என்று சிலரும் விருந்தோம்பலின் மிகுதி என்று சிலரும் இதற்குப் பொருள் உரைப்பர். சமூக அமைப்பை நோக்குமிடத்து வேறொரு விளக்கமும் புலப்படுகின்றது. இப்பிரதேசத்தில் குடிமுறை தாய்வழியே தொடர்வது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வன. மணம் முடிக்கும் ஆடவன் மனைவியின் இல்லத்துக்கு வந்து சேர்பவன். வெளியிலிருந்து வந்த ஒருவன் அவ்வில்லத்துப் பாயில் அமரும்போது வயலிற் பங்கும் கோயிற் சடங்கிற் கடமையும் குடியினர் முன் பொறுப்பும் அவனைச் சேர்ந்துவிடுகின்றன. கடப்பாட்டினாற் கட்டுண்ணலே பாயோடு ஒட்டுதல் ஆகும். இன்றைய தொண்டரோ அதே பாயில் அமர்கின்றார், அதே சோற்றை உண்கின்றார், ஆனால் ஒட்டுவதில்லை. அறவியற் சிக்கலின் தோற்றுவாய் இங்கேயே உள்ளது.

அயல்நாட்டிலிருந்து வரும் இளைஞர் கொடுப்பதற்காக வந்ததாகவே எண்ணுகின்றார். ஆனால் முதற் சில மாதங்களில் அவர் பெறுபவராகவே இருக்கின்றார். மொழி தெரியாத அவர் குழந்தையின் நிலையை அடைகின்றார். கையால் உண்ணவும், நிலத்திற் சம்மணமிட்டு அமரவும், வட்டாவில் வைத்து நீட்டப்படும் வெற்றிலையை மறுக்காது ஏற்கவும், வாவியில் வள்ளம் ஆடும்போது அசையாதிருக்கவும் ஊரவர் அவருக்குக் கற்பிக்கின்றனர். காய்ச்சல் வந்தாற் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவள் அயல் வீட்டுத் தாய். வறிய வீட்டிலும் விருந்தினருக்கென மீன் குழம்பும் எருமைத் தயிரும் தேடி வைக்கப்படுகின்றன. அவ்வீட்டுப் பிள்ளைகள் அன்று எதை உண்டனர் என்பதை விருந்தினர் அறியார். ஆகவே தொண்டரின் கணக்கு கடனோடுதான் தொடங்குகின்றது. அக்கடனை உணராதவர் தம்மை வள்ளலாகக் கருதிக்கொள்கின்றார், உணர்ந்தவர் மாணவராகின்றார்.

வரலாற்றில் முதற்கண் நினைக்கத்தக்கவர் வில்லியம் ஓல்ட் என்னும் இளம் மெதடிஸ்தப் போதகர். தோமஸ் கோக் என்பவரின் தலைமையில் 1813 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட குழுவில் அவரும் ஒருவர். கடற்பயணத்தில் ஓல்டின் மனைவி இறந்தார். 1814 மே மாதத்தில் கோக்கும் இறந்தார். எஞ்சியோருட் பெரும்பாலோர் அவ்வாண்டு யூன் இறுதியிற் காலியை அடைந்து, பணித்தளங்களைப் பகிர்ந்துகொண்டபோது மட்டக்களப்பு ஓல்டுக்கு அமைந்தது. அங்கு அவர் பாடசாலைகளைத் தொடக்கினார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை 1814 இலிருந்தே கணிக்கின்றது. 1815 ஏப்பிரல் 1 ஆம் திகதி அவர் மட்டக்களப்பிலேயே காலமானார். அவர் அங்கு வாழ்ந்த காலம் ஏறத்தாழ எட்டு மாதங்களே.

ஓல்டின் நோக்கம் சமயம் பரப்புதல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்நோக்கத்தை ஏற்பவரும் உளர், கண்டிப்பவரும் உளர். ஆயினும் அவருடைய பணியில் நிலைத்தது எது என்பது சிந்தனைக்குரியது. உள்ளூர் ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் ஏற்றுத் தமதாக்கிக்கொண்ட கல்வியே நிலைத்தது. வந்தவர் எட்டு மாதங்களில் மறைந்த பின்னும் பணி தொடர்ந்தது எனின், அதனைத் தொடர்ந்தோர் பலர். சிலை ஓல்டுக்கு எழுந்தது. தொடர்ந்தோருட் பலருக்குப் பெயரும் எஞ்சவில்லை.

அண்மைக் காலத்தில் இவ்வினா மேலும் கூர்மை பெற்றது. 2003 முதல் 'நொன்வயலன்ற் பீஸ்போர்ஸ்' என்னும் சர்வதேச அமைப்பின் களப்பணியாளர் வாழைச்சேனையில் தங்கிப் பணியாற்றினர். காந்தியடிகள் கனவு கண்டதும் வினோபா பாவே 1957 இல் உருவாக்கியதுமான சாந்தி சேனையின் எண்ணத்துக்கு இவ்வமைப்பு நெருங்கியது. ஆயுதம் ஏந்தாத அயல்நாட்டவர், அச்சுறுத்தலுக்கு உள்ளான உள்ளூர் மக்களின் அருகில் இருப்பதே அவர்களது பணி. பிள்ளைகள் படைக்குக் கொண்டுசெல்லப்பட்ட காலத்தில், அவர்களைத் தேடிச் சென்ற தாய்மாருக்கு அவர்கள் துணையாக நின்றனர். சாட்சியாக ஓர் அயலவர் நிற்கும் இடத்தில் வன்முறை செய்வோர் சற்றுத் தயங்குவர் என்னும் நம்பிக்கையே இம்முறையின் அடிப்படை.

இந்நம்பிக்கை பல வேளைகளில் மெய்யானது. ஆனால் அது ஏன் மெய்யாகின்றது என்று கேட்பின் கசப்பான விடை கிடைக்கின்றது. அயல்நாட்டவர் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் தூதரகங்கள் வினவும்; செய்தித்தாள்கள் எழுதும். படுவான்கரைத் தாயொருத்திக்குத் தீங்கு நேர்ந்தால் அவளது கிராமம் மட்டுமே அழும். உயிர்களுக்கு உலகம் வெவ்வேறு விலை வைத்துள்ளது என்னும் அநீதியே இங்கு மற்றோர் அநீதியைத் தடுக்கும் கருவியாகின்றது. அநீதியான ஒரு மேன்மையை நற்செயலுக்குப் பயன்படுத்தலாமா? கருவி மாசுடையது என்று ஒதுங்கினால் தாய் தனியே செல்ல வேண்டும். ஆதலாற் பயன்படுத்தலாம் என்பதே விடை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அம்மேன்மை தமது தகுதியால் வந்தது என்று அயலவர் மயங்கலாகாது. எப்போது செல்வது, யாரிடம் பேசுவது, எப்போது மௌனமாக இருப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அத்தாயினுடையது. நாளை அயலவர் விமானம் ஏறிய பின், அவரோடு காணப்பட்டதன் விளைவைச் சுமக்கப் போகின்றவள் அவளே.

விளைவைச் சுமப்பவரே முடிவைச் செய்யவேண்டும் என்னும் இவ்விதியை அயல்நிலத் தொண்டின் முதல் அறமாகக் கொள்ளலாம். திரும்பிச் செல்லும் உரிமை குற்றமன்று. திரும்பிச் செல்லக்கூடியவர், செல்ல முடியாதவருக்காகத் தாமே முடிவெடுப்பதுதான் குற்றம்.

இவ்விதி மீறப்படுவதால் நேரும் கேட்டுக்கு 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின் நிகழ்ந்தவை சான்றாகும். நாவலடி, கல்லடி, டச்பார் முதலிய கரையோரங்கள் சிதைந்தன. முதல் மணித்தியாலங்களில் மக்களை மீட்டவர்கள் அயலூரவரும் உறவினருமே. பின்னர் உலகின் பல திசைகளிலிருந்தும் உதவியாளர் வந்து குவிந்தனர். அவர்களது இரக்கம் உண்மையானது; உழைப்பும் பயன் தந்தது. எனினும் உள்ளூராரின் ஆற்றலும் அமைப்புகளும் பல இடங்களிற் புறக்கணிக்கப்பட்டன என்பதை, உதவி நிறுவனங்கள் தாமே கூட்டாகச் செய்வித்து 2006 இல் வெளியிட்ட மதிப்பீடு ஒப்புக்கொண்டது.

வீட்டுரிமை பற்றிய சிக்கல் இதன் தெளிவான எடுத்துக்காட்டு. கிழக்கில் வீடு பெண்ணின் சீதனம் என்பது முன்னர்க் கூறப்பட்டது. ஆனால் புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது 'குடும்பத் தலைவர்' என்னும் நிருவாகக் கருத்து முன்னின்றது. தலைவர் என்றால் ஆண் என்று பொருள் கொள்ளப்பட்டது. அதனால் மனைவிக்குரியதாக இருந்த வீடு அழிந்து, கணவன் பெயரிற் புதிய வீடு எழுந்த நிலை பல இடங்களில் உண்டானது. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. உறுதிப்பத்திரத்தில் ஒரு பெயர் மாறியதால் தாய்வழி வந்த பெண்ணின் பாதுகாப்பு ஆட்டங்கண்டது. அரச நிருவாகத்துக்கும் இதிற் பங்குண்டு என்பது உண்மையே. எனினும், இவ்வீடு யாருடையதாக இருந்தது என்ற கேள்வியைக் கட்டத் தொடங்குமுன் கேட்டிருந்தால் இத்தீங்கு நேர்ந்திராது. தீய எண்ணமின்றியே தீமை செய்ய முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இத்தகைய தீங்குகளை எண்ணியே இவான் இல்லிச், 1968 ஏப்பிரலில் மெக்சிக்கோவிற் கூடிய வட அமெரிக்க மாணவத் தொண்டரிடம் கடுமையாகப் பேசினார். பார்ப்பதற்கும் பயில்வதற்கும் வாருங்கள், உதவுவதற்கு வராதீர்கள் என்பது அவர் உரையின் சாரம். அவர் கண்ட குறைகள் மெய்யானவை. ஆனால் அவரது முடிவை முழுமையாக ஏற்பதற்கில்லை. உள்ளூரிலேயே அநீதி நிலவும்போது, அங்குள்ளோர் வாய் திறக்க இயலாத வேளையில், வெளியாரின் இருப்பு தேவையாகலாம். வாழைச்சேனைத் தாய்மார், வராதீர் என்று கூறவில்லை. எங்களோடு வாருங்கள் என்றே கேட்டனர். ஆகவே பயிலுதலையும் உதவுதலையும் ஒன்றுக்கொன்று பகையாக்குதல் தவறு. பயிலாத உதவி குருடு; உதவாத பயிற்சி வேடிக்கை பார்த்தல்.

இங்கு வள்ளுவர் வகுத்த முறை நினைத்தற்குரியது. ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக அவர் வைத்தார்; இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஈகை இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுப்பது. ஒப்புரவோ உலகநடையை உணர்ந்து, பலருள் ஒருவராக நின்று உதவுவது. அதனாற்றான் அவ்வதிகாரத்தின் பெயரிலேயே 'அறிதல்' என்னும் சொல் சேர்ந்துள்ளது. அயல்நிலத் தொண்டர் ஈகையோடு வருகின்றார். அவர் ஒப்புரவுக்கு உயர வேண்டியவர்.

அவ்வாறு உயர்வதற்கு வாழ்நாள் முழுதும் தங்குதலே வழி எனலாமா? அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் இயேசு சபை மாகாணத்திலிருந்து வந்த துறவியர் அவ்வழியைத் தேர்ந்தனர். 1948 இல் இளைஞராக வந்த பெஞ்சமின் மில்லர் அடிகளார், போர்க்காலத்திற் காணாமற் போனோரின் குடும்பங்களுக்காகச் சமாதானக் குழுவிற் பணியாற்றி, 2019 இல் மட்டக்களப்பிலேயே மறைந்தார். கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகப் பலர் அறிந்த யூஜின் ஹேபியர் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற் போனார். அவரோடு பயணம் செய்த உள்ளூர்த் துணைவரும் காணாமற் போனார். திரும்பிச் செல்லும் உரிமையைத் துறந்தவர் இறுதியில் ஊரவரின் கதிக்கே உள்ளானார். எனினும் அப்போதும் வேறுபாடு முற்றாக நீங்கவில்லை. அடிகளாரின் பெயர் கடல் கடந்தும் அறியப்பட்டது. துணைவரின் பெயர் அவ்வளவு தூரம் செல்லவில்லை.

எல்லாரும் வாழ்நாளைத் தரவேண்டும் என்று கேட்பது நியாயமன்று. தங்கியிருத்தல் மட்டுமே அறமுமாகாது. நெடுநாள் தங்கி ஆதிக்கம் செய்தோரையும் நாட்டு வரலாறு அறியும். காலத்தின் நீளமன்று, உறவின் இயல்பே அளவுகோல்.

இதற்கு எதிர்த்திசையிலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. 1892 இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் தாமே அயல்நிலம் சென்ற தொண்டர். 1922 இற் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து 1924 இல் துறவு பூண்டார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பின்னர் இமயச் சாரலில் மாயாவதியிலிருந்து 'பிரபுத்த பாரத' இதழை நடத்தினார். சென்ற இடங்களில் அவர் கொடுத்தவை பல. கற்றவை அவற்றினும் பல. அக்கல்வியின் கனியாக 1947 இல் 'யாழ் நூல்' வெளிவந்தது. அவர் உருவாக்கிய சிவானந்த வித்தியாலயம் கல்லடி உப்போடையில் 1929 முதல் நிலைபெற்றுள்ளது. செல்லுமிடத்தில் மாணவராகவும் திரும்புமிடத்தில் ஆசிரியராகவும் இருத்தல் கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

இறுதியாக, அயல்நிலம் என்பது கடலுக்கு அப்பால் மட்டும் உள்ளதன்று. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர் குழுவொன்று வாவியைக் கடந்து படுவான்கரைக் கிராமத்துக்குச் சிரமதானத்துக்கோ மாலை வகுப்புக்கோ செல்லும்போது, அவர்களும் வந்தவர்களே. மொழி ஒன்றாயினும், மாலையானதும் பேருந்தில் ஏறித் திரும்பக்கூடியவர்கள் அவர்கள். கிணறு எங்கே வெட்டப்படவேண்டும் என்பதை அதில் நீர் அள்ளப் போகின்றவரிடம் கேட்டனரா? தாம் வராத வாரத்தில் வகுப்பை நடத்த அக்கிராமத்து இளைஞர் ஒருவரையேனும் ஆயத்தஞ் செய்தனரா? பழகிய பிள்ளைகளிடம் தாம் என்று விடைபெறுவோம் என்பதை முன்கூட்டியே உண்மையாகச் சொன்னனரா? வெளிநாட்டுத் தொண்டரிடம் கேட்கத்தக்க வினாக்கள் அனைத்தும் இவர்களிடமும் கேட்கத்தக்கனவே.

பாயோடு ஒட்டாதவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அப்பாய் யாருடையது என்பதை மறவாதிருத்தலே அது. அதனை மறவாதவர் சில மாதங்களே தங்கினும் ஊருக்கு உறவாவார். மறந்தவர் பல்லாண்டு தங்கினும் விருந்தாளியாகவே போய்விடுவார்.