விருந்தினரிடம் வரி கேட்டல்: ஓர் அறவியல் நோக்கு

கோலாலம்பூர் நகரின் ஒரு வீதியில் இரு விடுதிகள் அருகருகே உள்ளன என வைத்துக்கொள்வோம். ஒன்று வானளாவிய மாளிகை. மலேசியப் பிரசையான பெருவணிகர் ஒருவர் அங்கு ஓர் இரவுக்கு 1,000 ரிங்கிட் வாடகையில் அறை எடுத்துள்ளார். மற்றையது ஒடுங்கிய படிக்கட்டுகளையுடைய சிறு விடுதி. பத்துமலை முருகனுக்கு வைத்த நேர்த்திக்கடனைத் தீர்ப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற முதியவர் ஒருவர் அங்கு 50 ரிங்கிட் வாடகையில் தங்கியுள்ளார். காலையில் இருவரும் கணக்குத் தீர்க்கின்றனர். உல்லாசப் பயண வரி என்ற பெயரில் முதியவரிடம் இரவொன்றுக்கு 10 ரிங்கிட் அறவிடப்படுகிறது. அஃது அவர் கொடுத்த வாடகையில் ஐந்திலொரு பங்காகும். பெருவணிகரோ அவ்வரியாக ஒரு சதமேனும் செலுத்த வேண்டியதில்லை. இருவரையும் வேறுபடுத்துவதற்கு அரசு கைக்கொண்ட அளவுகோல் கடவுச்சீட்டு ஒன்றே.

இம்மனிதர் இருவரும் கற்பனை, வரி கற்பனையன்று. வெளிநாட்டவர் என்ற ஒரே காரணம் பற்றி ஒருவரிடம் வரி கொள்வது அறத்தின்பாற் படுமா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும். இவ்வரியினால் பயணிகளின் தொகை கூடுமா, குறையுமா என்று கணிப்பது பொருளியலாளர் பணி. பத்து ரிங்கிட் மிகச் சிறு தொகையன்றோ, இதில் அறம் பேச என்ன இருக்கிறது என்று கேட்போரும் உளர். தொகையின் சிறுமை அநீதியின் பாரத்தைக் குறைக்கலாம். அநீதியை நீதியாக்க மாட்டாது. அன்றியும், சிறுமை என்பது யாருடைய பணப்பையை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதும் சிந்திக்கற்பாலது.

இவ்வரி பிறந்த வரலாறே நமக்கு ஒரு பாடமாக அமைகின்றது. 2017 ஆம் ஆண்டில் மலேசியப் பாராளுமன்றம் உல்லாசப் பயண வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. முதலில் வகுக்கப்பட்ட திட்டத்தில் உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்ற பேதம் இருக்கவில்லை. விடுதியின் தரத்துக்கேற்ப வரி ஏறி இறங்கிற்று. ஐந்து நட்சத்திர விடுதியில் அறை ஒன்றுக்கு இரவொன்றுக்கு 20 ரிங்கிட், நான்கு நட்சத்திர விடுதியில் 10 ரிங்கிட், அதனினும் குறைந்த தரத்தனவற்றில் 5 ரிங்கிட், தரப்படுத்தப்படாத விடுதியில் 2.50 ரிங்கிட் என அஃது அமைந்திருந்தது. இத்திட்டம் வெளிவந்ததும் நாட்டினுள்ளே எதிர்ப்பு எழுந்தது. அதன்மேல் அரசு திட்டத்தை மாற்றியது. அவ்வாண்டு செப்டெம்பர் 1 ஆந் திகதி வரி நடைமுறைக்கு வந்தபோது மலேசியப் பிரசைகளும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோரும் முற்றாக விலக்களிக்கப்பட்டிருந்தனர். வெளிநாட்டவருக்கோ தர வேறுபாடும் நீங்கிற்று. எவ்விடுதியாயினும் 10 ரிங்கிட் என்றாயிற்று.

இம்மாற்றத்தை நுணுகி நோக்குவோம். மாளிகையில் தங்கும் அந்நியரின் வரி 20 இலிருந்து 10 ஆகக் குறைந்தது. தரப்படுத்தப்படாத சிறு விடுதியில் தங்கும் அந்நியரின் வரி இரண்டரையிலிருந்து பத்தாக, நான்கு மடங்காக, உயர்ந்தது. குரலெழுப்பத் தக்கவர் குரலெழுப்பினர், விலக்கும் பெற்றனர். வாக்குரிமையற்றோருள்ளும் வறியவரின் தலையிலேயே சுமை கூடியது. இதற்குச் சட்டம் இயற்றியோரின் தீய எண்ணம் காரணம் எனல் வேண்டா. எதிர்ப்பு வந்த திசையிலிருந்து விலகி, எதிர்ப்பு வாரா திசையை நோக்கி வரி நகர்வது அரசுகளின் இயல்பு. அவ்வியல்பை அறம் என்று ஏற்பதற்குத் தக்க நியாயம் உண்டா என்பதே கேள்வி.

இதற்குக் கூறப்படும் நியாயங்கள் மூன்றெனலாம். முதலாவது, பிரசை ஏலவே பல வழிகளில் வரி இறுத்து நாட்டைத் தாங்குகிறான். வந்து போகும் அந்நியனோ அவன் அமைத்த தெருவில் நடந்து, அவன் கொணர்ந்த நீரில் நீராடி, குப்பையை விட்டுச் செல்கிறான். ஆதலின் அவனும் ஒரு பங்கு தரட்டும் என்பது. இந்நியாயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அதன் எல்லையைக் காணல் வேண்டும். விருந்தினர் உண்ணும் உணவிலும் தங்கும் அறையிலும் பொது வரி கலந்தே இருக்கிறது. அதனை அவர் செலுத்தியே செல்கிறார். அந்நாட்டுப் பாடசாலையிற் பயிலாமலும், முதுமையில் அந்நாட்டின் ஆதரவை நாடாமலும் செல்கிறார். மேலும், ஜொகூரிலிருந்து பினாங்குக்கு வந்து விடுதியில் தங்கும் மலேசியரும் பினாங்கின் நீரையே பயன்படுத்துகிறார். பினாங்கிலேயே குப்பையை விட்டுச் செல்கிறார். பயன்படுத்தலே வரிக்குக் காரணமாயின் தங்குவோர் யாவரும் தருதல் வேண்டும். ஆகவே, இந்நியாயம் தங்கும் வரியை நிலைநாட்டுகின்றதேயன்றி, அந்நியர் மீது மட்டும் விதிக்கும் வரியை நிலைநாட்டவில்லை.

இரண்டாவது, பிறநாடு சென்று உலாவத் தக்கவன் செல்வனாகவே இருப்பான். அவனிடம் கொள்வதில் தவறில்லை என்பது. அவரவர் ஆற்றலுக்கேற்ப வரி அமைதல் வேண்டும் என்பது அடம் சிமித் 1776 இல் வகுத்துரைத்த வரி நெறிகளுள் முதலாவதாகும். ஆற்றலை அறிதற்கு நாட்டுரிமை தக்க குறியாகுமா? நமது வழக்கில் வெளிநாட்டுப் பயணியை உல்லாசப் பயணி என்கிறோம். அச்சொல்லே ஒரு முற்கோளைத் தன்னுட் கொண்டுள்ளது. விடுதியில் தங்கும் அந்நியர் அனைவரும் உல்லாசத்துக்காகவா வந்தனர்? பிள்ளையின் படிப்பை நாடி வந்த தந்தை, நோய்க்கு மருந்து தேடி வந்த தாய், தொழில் தேடி வந்த இளைஞன், நேர்த்திக்கடனுக்காக வந்த முதியவர் ஆகியோரும் அதே பதிவேட்டில் அதே சொல்லால் குறிக்கப்படுகின்றனர்.

ஒவ்வொருவருடைய செல்வநிலையையும் ஆராய்ந்து வரி விதிக்க விடுதியாளரால் இயலுமோ என்று வினவலாம். இயலாது, அதற்குத் தேவையுமில்லை. அறையின் வாடகையே தங்குபவரின் ஆற்றலை ஓரளவு புலப்படுத்துகின்றது. யப்பானிய நகரமாகிய கியோத்தோ 2018 ஒக்டோபரில் தங்கும் வரியைத் தொடங்கியபோது இவ்வழியையே கைக்கொண்டது. ஓர் இரவுக்கு ஒருவருக்கான கட்டணம் 20,000 யென்னுக்குக் குறைவாயின் 200 யென், 50,000 யென்னுக்குக் குறைவாயின் 500 யென், அதற்கு மேலாயின் 1,000 யென் என அறவிட்டது. யப்பானியருக்கும் பிறருக்கும் ஒரே விதியே. வெளிநாட்டுப் பயணிகளின் நெரிசலால் அல்லலுற்ற அந்நகரம், வந்தவரின் நாட்டைக் கேளாது அவர் எடுத்த அறையின் விலையைக் கேட்டது. நாட்டுரிமையை விட்டு ஆற்றலை நோக்குதல் நடைமுறைக்கு ஒவ்வாது என்ற வாதம் இதனால் வலுவிழக்கின்றது.

மூன்றாவது, அழைத்து வந்தவர் யாருமிலர். வரியை முன்னரே அறிந்து, விரும்பியே வந்தான். விரும்பாதவன் வாராதிருக்கலாம் என்பது. இவ்வாதத்தை எதிர்கொள்வதற்கு ஜேர்மானிய மெய்யியலறிஞர் இமானுவேல் கான்ற் நமக்குத் துணைபுரிவார். நிலையான அமைதி பற்றி 1795 இல் வெளியிட்ட நூலில் அவர் அந்நியரின் உரிமையை ஆராய்ந்தார். விருந்தோம்பல் என்பது கருணையால் இடும் பிச்சையன்று, உரிமை பற்றியது என்பது அவர் துணிபு. இந்த உலகின் மேற்பரப்பு மனிதர் யாவர்க்கும் பொது. ஆதலின் பிறர் நாட்டுக்கு வருபவனைப் பகைவனாக நடத்தலாகாது. ஆனால் இது வந்து காணும் உரிமையே. விருந்தினனாக வைத்துப் பேணுமாறு வற்புறுத்தும் உரிமையன்று. இவ்வேறுபாடு நம் வினாவுக்கு மிகப் பொருந்துவது. தங்கும் செலவை அந்நியரே ஏற்கவேண்டும் என்பதில் அவருடைய உரிமை எதுவும் குறைபடுவதில்லை. ஆயின், வாயிலில் நிற்பவர் திரும்பிப் போகலாம் என்பதனால் அவரிடம் எதையும் கேட்கலாம் என்றாகிவிடாது. விலைக்கு உடன்படுதல் வேறு, விலை நேர்மையானதாதல் வேறு என்பதை வட்டிக்கடைக்காரனிடம் கையெழுத்திட்ட எவரும் அறிவர்.

விருந்தோம்பலைத் தலையாய அறங்களுள் ஒன்றாகக் கொண்ட தமிழ் மரபில் வந்த நாம், விருந்தினரிடம் பணம் கேட்பதே இழுக்கு என்று முடித்துவிடலாமா? அதுவும் பொருந்தாது. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, அரசனுக்குரிய பொருள்களுள் உல்கு எனப்படும் சுங்கத்தையும் சேர்த்துள்ளார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களுக்குப் புலி இலச்சினை இட்டுச் சுங்கம் கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை தருகின்றது. முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்தவன் எனப் புகழப்பட்டான். சுங்கம் மக்களுக்குச் சுமையாயிருந்தமையும் இதனாற் புலனாகின்றது. வீட்டு வாயிலில் வந்தவருக்கு இல்லறத்தான் செய்யும் கடமை ஒன்று. துறையில் வந்தவரிடம் அரசு நடந்துகொள்ளும் முறை பிறிதொன்று. அரசிடம் நாம் வேண்டுவது இலவச விருந்தன்று, நேர்மையே.

நேர்மையான வரி எவ்வாறிருக்கும் என்பதற்கு அயல்நாடுகளிற் சில குறிகள் உள. மாலைதீவு 2015 நவம்பரில் பசுமை வரி என ஒன்றை விதித்தது. உல்லாசத் தீவு விடுதிகளில் தங்குவோர் நாளொன்றுக்கு 6 டொலர் தரவேண்டும் என்றது. மறு ஆண்டு சிறு விருந்தினர் இல்லங்களுக்கும் அதனை விரித்தபோது 3 டொலரே கேட்டது. 2025 ஜனவரியில் இவை 12 ஆகவும் 6 ஆகவும் இரட்டிக்கப்பட்டபோதும் அவ்வேறுபாடு விடப்படவில்லை. அங்கும் உள்நாட்டவர் இவ்வரிக்கு உட்படுவதில்லை. ஆயினும் கடலாற் சூழப்பட்ட சிறு தீவுகளில் குவியும் கழிவை அகற்றுதல் போன்ற சூழற் பணிகள் காரணமாகக் காட்டப்படுகின்றன. சிறு இல்லத்தில் தங்குபவரின் நிலையும் கருதப்படுகின்றது. பூட்டானோ 2022 செப்டெம்பரில் நாளொன்றுக்கு 200 டொலர் என விதித்து, அடுத்த ஆண்டு அதனை 100 டொலராகக் குறைத்தது. இந்தியருக்கு 1,200 ரூபா எனத் தனி வீதம் வைத்தது. பயணிகளின் தொகையை மட்டுப்படுத்துவதே தன் நோக்கம் என்பதை அந்நாடு மறைக்கவில்லை. காரணத்தை வெளிப்படையாகக் கூறும் நேர்மை பாராட்டத்தக்கது. எனினும், மலைகளின் அழகு பொருளுடையோருக்கே காட்சியாதல் வேண்டும் என்ற முடிவு நெஞ்சை உறுத்தாமலும் இல்லை.

இனி, நம் தீவை நோக்குவோம். சிகிரியாக் குன்றின் வாயிலில் வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணமும் உள்நாட்டவருக்கு அதனினும் மிகக் குறைந்த கட்டணமும் உள்ளன. மலேசிய வரியைக் குறைகூறும் நாம் இதனை எவ்வாறு ஏற்பது? இரண்டும் ஒன்றல்ல என்றே தோன்றுகிறது. தொல்பொருட் சின்னம் நாட்டின் பொதுச்சொத்து. தலைமுறை தலைமுறையாக மக்கள் இறுத்த வரியில் அது பேணப்பட்டது. வறிய கிராமத்துச் சிறுவன் தன் முன்னோர் விட்டுச்சென்றதைக் காண்பதற்குச் சலுகை பெறுதல் முறையே. ஹோட்டல் அறையோ அரசின் சொத்தன்று. அதற்குரிய விலையைத் தங்குபவர் விடுதியாளருக்குக் கொடுத்துவிட்டார். தனது இல்லாத ஒன்றன்மேற் பங்கு கேட்கும் அரசு, அறைக்கு வெளியே தான் கொடுத்தது யாது என்று காட்டக் கடமைப்பட்டது. அன்றியும், தன்னவருக்குச் சலுகை தருதல் என்பது அந்நியரைத் தண்டிக்கும் வழியாக உருமாறாதிருக்க, சலுகைக்கும் கட்டணத்துக்கும் உரிய காரணம் இரு சாராரிடமும் கூறத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

இவ்வினா நமக்கு ஏன் முக்கியமானது? நாம் விருந்தினரை எதிர்கொள்ளும் நாட்டினர் மட்டுமல்லர். பிறநாடுகளின் வாயில்களில் கடவுச்சீட்டுடன் காத்துநிற்போரும் நாமே. அந்நியன் என்ற சொல்லை ஓர் அரசு எவ்வளவு எளிதாக வழங்கிவிடும் என்பதை இத்தீவின் தமிழர் அறிவர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இம்மண்ணில் பிறந்து தேயிலை மலைகளில் உழைத்த இலட்சக்கணக்கானோரை ஒரு கையெழுத்தில் பிரசைகள் அல்லாதோர் ஆக்கிற்று. அதனைத் தொடர்ந்து அவர்கள் வாக்குரிமையும் இழந்தனர். ஒரு மக்கட்கூட்டம் உரிமையிழந்த பெருங்கொடுமையையும் விடுதி வரியையும் ஒரே தராசில் வைப்பது நம் கருத்தன்று. ஆனால் இரண்டிலும் ஒரு வாய்பாடு பொதுவாக உண்டு. குரலற்றோரிடம் காரணம் கூறவேண்டியதில்லை என்பதே அவ்வாய்பாடு. சிறு காரியங்களில் அதனை வழக்கமாக்கிக்கொண்ட அரசுக்குப் பெருங்காரியங்களில் அதனைக் கைவிடுவது எளிதன்று.

எனவே, வெளிநாட்டவரிடம் வரி கொள்ளவே கூடாது என்பது எமது முடிபன்று. அவர் பயன்படுத்துவதற்கும் அவரால் தேய்வதற்கும் உரிய பங்கைத் தருதல் நியாயமே. அப்பங்கு அவரது ஆற்றலுக்கேற்ப அமைதல் வேண்டும். எதற்காகக் கேட்கப்பட்டதோ அதற்கே செலவாதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் முகத்தை நோக்கிக் கூறத்தக்க காரணம் அதற்கு இருத்தல் வேண்டும். சட்டமன்றத்தில் அவருக்கு இடமில்லை. ஆகவே அவர் பொருட்டு வாதிட வேண்டியவர் சட்டம் இயற்றுவோரே. அச்சிறு விடுதியின் மேசையில் நிற்கும் முதியவர், "என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?" என வினவுகிறார். "நீங்கள் எங்கள் நாட்டவர் அல்லர்" என்பதற்கு மேல் வேறு விடை கூற இயலாத வரி, தொகை எவ்வளவு சிறிதாயினும், அறத்தின் முன் நில்லாது.