குறை சொல்ல ஒண்ணுமில்லீங்க

திருப்பூரில் ஐம்பதைத் தாண்டிய அக்காமாரிடம் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால், "குறை சொல்ல ஒண்ணுமில்லீங்க" என்பதுதான் முதலில் வரும். குடிக்க மாட்டார், கை நீட்டியதில்லை, சம்பளத்தை மறைத்ததில்லை. இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுகிறார்களே, அது எதற்கு?

ஏற்றுமதி சூடுபிடித்த 1990களில் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பஸ் ஏறி வந்த ஜோடிகள் நிறைய. அவர் டெய்லர், அக்கா செக்கிங். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை. சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை துவைக்க, கறி எடுக்க, தூங்க. நடுவில் இருவரும் பேசிக்கொண்டது வாடகை, சீட்டுப் பணம், ஸ்கூல் ஃபீஸ், மகளுக்கு எத்தனை பவுன் என்பதுதான். பேச நேரமில்லை என்றே இருவரும் நம்பினார்கள். நேரம் கிடைத்தால் பேசுவார்களா என்று பார்க்க வாய்ப்பே வரவில்லை.

இப்போது வந்துவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் தனிக்குடித்தனம் போயாயிற்று. கண் மங்கியதால் அவர் மெஷினை விட்டு வீட்டோடு இருக்கிறார். அக்கா இன்னும் வேலைக்குப் போகிறார். இரவு கதவைத் திறந்தால் டிவி ஓடுகிறது.

"சாப்டீங்களா?"

"ம்."

"மாத்திரை?"

"ம்."

நாளெல்லாம் பனியனைப் புரட்டிப் புரட்டி, ஊசிமுனை ஓட்டைக்கும் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் அக்கா. இந்த 'ம்'மில் எங்கே ஒட்டுவது?

ஜப்பானில் நொபுவோ குரோகாவா என்ற மருத்துவர், கணவர் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்ததும் மனைவிமாருக்கு வருகிற வயிற்றுக் கோளாறு, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றையும் சேர்த்து 1991இல் ஒரு நோய்ப் பெயரே வைத்தார். 2007 ஏப்ரல் முதல் அங்கே விவாகரத்தாகும் மனைவிக்கு, மணவாழ்க்கைக் காலத்தில் சேர்ந்த ஊழியர் ஓய்வூதியத்தில் பாதிவரை பங்கு உண்டு. நம் அக்காவோ கம்பெனி மாறி மாறிப் போனவர். பி.எஃப். கணக்கில் 10 ஆண்டு சேர்ந்திருந்தால் 58 வயதில் பென்ஷன் வரும். அதன் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய்.

பிரிந்து போவதை அக்கா நினைத்ததும் இல்லை. ஒருநாளாவது "இன்னிக்குக் கம்பெனியில என்ன நடந்துச்சு?" என்று அவர் கேட்கக் கூடாதா என்பதுதான் ஏக்கம். வெளியே சொன்னால், "இந்த வயசுக்கு மேல இது என்னம்மா" என்று பெற்ற மகளே சிரிப்பாள். எனக்கென்னவோ இந்த வயதில்தான் இதைக் கேட்கவே முடியும் என்று படுகிறது. முப்பதில் கடன்காரன் கேட்டான், நாற்பதில் பிள்ளைகள் கேட்டார்கள். அக்காவின் முறை இப்போதுதான் வந்திருக்கிறது. தவிர, வீட்டுக்காரர் நல்லவர் என்பதும் அவரோடு இருப்பது சலிக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அதைச் சொல்வதற்கு அவரைக் கெட்டவராக்க வேண்டியதில்லை.

2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. லீவு நாளில், தன்னுடன் வேலை பார்ப்பவர்களோடு அவிநாசிக் கோயிலுக்குப் போய்வரும் அக்காக்கள் இருக்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் வாய் ஓயாது. "அவரையும் கூட்டிட்டு வரலாமேக்கா" என்றால், "கூப்பிட்டேங்க, அவருக்கு மட்டும் டிக்கெட் எடுக்கணுமாம், தண்டச் செலவாம்" என்கிறார் ஓர் அக்கா.