பறையும் எமது பிள்ளைகளும்



புலம்பெயர் நாடுகள் பலவற்றில் எமது இளையோர் குழுவாக நின்று பறை பழகுகின்றனர். தமிழ் பேசக் கூச்சப்படும் பிள்ளைகூட அந்த வட்டத்தில் கூச்சமின்றி நிற்கிறது. ஆனால், “இது செத்தவீட்டு மேளமல்லவா? கோயில் மண்டபத்தில் பழக்கலாமா?” என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. இக்கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் நாம் சிந்திக்க வேண்டும்.

தொல்காப்பியம் நிலங்களுக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் சேர்த்துச் சொல்கிறது. போருக்கும் விழாவுக்கும் முழங்கிய கருவி அது. இழிவு அதன் தோலில் இல்லை. அதை அடித்தவர்களுக்கு எமது சமூகம் கொடுத்த இடத்திலேயே இருந்தது.

பெரியபுராணத்தில் சேக்கிழார் போற்றும் திருநாளைப்போவார் நாயனாரை நினைத்துப் பார்ப்போம். சிவாலயங்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர் அவர். அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கியது. அவரோ வெளியே நின்று வணங்கினார். அவரை அறுபத்துமூவருள் ஒருவராகக் கும்பிடும் நாம், பறையை மட்டும் வாசலில் நிறுத்துவது முறையாகுமா?

எனினும், பறையை உள்ளே எடுத்தவுடன் எமது கடமை முடிந்துவிடாது. சாவுக்கு அடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை மறுத்து, பறையையே கைவிட்டவர்களும் ஊரில் உண்டு. அவர்கள் கலையை வெறுக்கவில்லை. தம் மானத்தைக் காத்தார்கள். எமது பிள்ளைகளுக்குப் பறை ஒரு விருப்பம். அவர்களுக்கோ அது விதிக்கப்பட்ட வேலை. 2025ஆம் ஆண்டில் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு விருதினால் பல தலைமுறைகளின் அவமதிப்பு அழிந்துவிடாது. இந்த வரலாற்றைச் சொல்லாமல் தாளத்தை மட்டும் பழக்குவது பாதி உண்மையை மறைப்பதாகும்.

பறைக்குழுவில் ஒருவர் அவசரப்பட்டால் எல்லோருடைய அடியும் குலையும். டாக்டரின் பிள்ளையும் கடையில் வேலை செய்பவரின் பிள்ளையும் பக்கத்தில் நிற்பவரின் அடியைக் கவனித்தே தம் அடியைப் போட வேண்டும். அங்கே யாருக்கும் தனி இடமில்லை. பிள்ளைகள் இதை விரைவில் விளங்கிக்கொள்கிறார்கள்.

சோதனை எங்களுக்குத்தான். அதே பிள்ளைகள் வளர்ந்து, ஒருவரையொருவர் விரும்பி வந்து நிற்கும்போது, “அவர்கள் என்ன ஆட்கள்?” என்று நாம் விசாரிப்போமானால், மண்டபத்தில் அடித்த பறை வெறும் சத்தமாகவே போய்விடும். பறை பழகும் பிள்ளைகளை வாழ்த்துவோம். அவர்கள் பழகும் சமத்துவத்தை நாமும் எமது வீடுகளில் பழகுவோமாக.